நூலகருக்கு வயதா தகுதி?

பதிவு கொஞ்சம் நீளம். கடைசி மணி அடித்த பிறகும் என் கணக்கு முடியும்வரை உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நீங்கள். இதையும் முழுசாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆகஸ்ட் 12-ஐ தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்குக் கல்லூரிகளில் மாலை போடுகிறார்கள். நல்லது. ஆனால் மாலை போடும் அதே கல்லூரிகளில் சில, நூலகர் வேலைக்கு விளம்பரம் கொடுக்கும்போது "35 வயதுக்குள்" என்று ஒரு வரி சேர்க்கின்றன. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ரங்கநாதன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1892-ல் பிறந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனபோது அவருக்கு 31 வயது. அதுவரை என்னைப்போல் கணக்கு வாத்தியார்தான். நூலகப் பயிற்சியே இல்லாமல் சேர்ந்து, பிறகுதான் லண்டன் போய்ப் படித்தார். ஐம்பது வயதைத் தாண்டிச் சென்னையை விட்டு, காசியிலும் டெல்லியிலும் வேலை பார்த்தார். பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் அவர் ஒரு மையத்தைத் தொடங்கியது 1962-ல். அப்போது வயது கிட்டத்தட்ட 70! அதற்குப் பிறகு 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். "35 வயதுக்குள்" என்று அன்றைக்கும் எழுதியிருந்தால் இதில் பாதி நடந்திருக்குமா?

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம இடைசெவல் கி.ரா. இருந்தார். கல்லூரி வாசலை மிதிக்காத சம்சாரி. அறுபது வயது கடந்தவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டு, நாட்டுப்புறக் கதைகளுக்காகப் பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தது. சான்றிதழையும் பார்க்கவில்லை, வயதையும் பார்க்கவில்லை. ஆளுக்கு என்ன தெரியும் என்று பார்த்தார்கள்.

இப்போது நம் பக்கத்து நிலவரம். என்னிடம் படித்த ஒரு பெண். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தீப்பெட்டி ஆபீஸ், பிறகு கல்யாணம், பிள்ளைகள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு, அஞ்சல் வழியில் நூலகவியல் பட்டம் வாங்கினாள். நூலகக் கணினி வேலைக்கான 'கோஹா' மென்பொருளும் கற்றுக்கொண்டாள். வயது 44. ஒரு தனியார் கல்லூரி நேர்முகத்தில் கேட்ட முதல் கேள்வி: "இந்த வயசுல கம்ப்யூட்டர் வருமாம்மா?" எதிரிலேயே ஒரு கம்ப்யூட்டர் இருந்திருக்கிறது. உட்காரச் சொல்லிப் பார்த்திருக்கலாமே! பார்க்கவில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்று எழுப்பிவிட்டார்கள்.

அஞ்சல் வழிக் கல்வியில் கட்டணம் வாங்கும்போது எவரும் வயது கேட்பதில்லை. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான 'நெட்' தேர்வில் நூலகவியலும் ஒரு பாடம். அதற்கு உச்ச வயது வரம்பே கிடையாது. படிக்க வயதில்லை, தேர்வெழுத வயதில்லை, வேலை கேட்டால் மட்டும் வயதா?

கம்ப்யூட்டர் என்பது சாக்கு. உண்மைக் காரணம் சம்பளம். சின்ன வயசுப் பிள்ளை என்றால் சொன்ன தொகுப்பூதியத்துக்குத் தலையாட்டும், எதிர்த்துக் கேட்காது என்ற கணக்கு. வயதானவரை ஒதுக்குவதும் இளையவரைச் சுரண்டுவதும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள்.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் நம் அரசியலமைப்பின் 16-வது பிரிவு மதம், சாதி, பால், பிறந்த இடம் என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் வயது இல்லை. தனியார் வேலையில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் பொதுச் சட்டமும் இங்கே இல்லை. அமெரிக்காவில் 40 வயது கடந்தவர்களுக்காக 1967-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

அரசையும் கேட்கத்தான் வேண்டும். 2021-ல் ஓய்வு வயதை 60 ஆக்கினார்கள். அதே ஆண்டு தேர்வாணையத் தேர்வுகளுக்கான பொது வயது வரம்பு 30-லிருந்து 32 ஆனது. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குப் பல பதவிகளில் தளர்வு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் நியமனத்துக்கு 2020-ல் 40, 45 என்று வரம்பு வைத்தார்கள். ஆசிரியர்கள் போராடினார்கள், 2023-ல் அது 53, 58 என்று உயர்ந்தது. பொது நூலகத் துறையும் அதே பள்ளிக் கல்வித் துறையின் கீழ்தான் வருகிறது. 53 வயதில் ஒருவர் வகுப்பெடுக்க வரலாம் என்றால், அந்த வகுப்புப் பிள்ளைக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்க வரக்கூடாதா? வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிற நமக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு.

"அப்படியானால் இளவட்டங்களுக்கு வேலை?" என்று மருமகப்பிள்ளைகள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் இடத்தை அந்த 44 வயதுக்காரி பிடுங்கவில்லை. நிரப்பாமல் போட்டிருக்கும் பணியிடங்களும், நூலகரே இல்லாத பள்ளிகளும்தான் பிடுங்கிவைத்திருக்கின்றன. இருவரும் ஒரே தேர்வு எழுதட்டும், தெரிந்தவர் ஜெயிக்கட்டும். இன்றைக்கு 28 வயதில் உள்ளே போகிறவருக்கும் ஒருநாள் 44 வரும்.

நம் கரிசக்காடு மானாவாரி பூமி. மழை பிந்தினால் விதைப்பும் பிந்தும். பிந்தி விதைத்த உளுந்து என்பதற்காகக் கமிஷன் கடையில் மூட்டையைத் திருப்பி அனுப்புவார்களா? மணியைக் கையில் அள்ளித்தானே பார்ப்பார்கள். நம் பெண்கள் பலருக்கு வாழ்க்கையில் மழை பிந்தித்தான் பெய்கிறது.

என்னிடம் படித்தவர்களில் இன்று பள்ளித் தாளாளர்கள் இருக்கிறீர்கள், துறைத்தலைவர்கள் இருக்கிறீர்கள், நேர்முக மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்றே கேட்கிறேன். விளம்பரத்தில் அந்த வயது வரியை அடியுங்கள். வந்தவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, பத்துப் புத்தகத்தைக் கொடுத்து வகைப்படுத்தச் சொல்லுங்கள். வேலை தந்தால் வேலைக்கேற்ற சம்பளம் கொடுங்கள்.

தேறவில்லை என்றால் தாராளமாக அனுப்பிவிடுங்கள், நான் வாயே திறக்கமாட்டேன். விடைத்தாளைத் திருத்தாமல், முகப்பில் பிறந்த தேதியைப் பார்த்து மார்க் போட உங்களுக்கு நான் சொல்லித்தரவில்லையே.