குப்பையல்ல, நார்

மனித உடலின் பெரும்பாலான செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே உறைக்குள், ஒரே நியூக்ளியஸில். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தனி டி.என்.ஏ. இழை. செல் பிரியும்போது நியூக்ளியஸின் உறை கலைகிறது. பிரிந்து முடிந்ததும் மறுபடி உருவாகிறது. இவ்வளவு அமளிக்குப் பிறகும் ஒரு குரோமோசோம்கூட வெளியே நழுவிவிடாமல் இருப்பது எப்படி?

இதற்கான விடையின் ஒரு பகுதி, விஞ்ஞானிகள் நெடுங்காலம் அலட்சியப்படுத்திய இடத்திலிருந்து கிடைத்தது. சில எழுத்துக்களே திரும்பத் திரும்ப, லட்சக்கணக்கில் வரும் 'சேட்டிலைட் டி.என்.ஏ.' அது. எந்தப் புரதத்தைத் தயாரிக்கவும் அதில் குறிப்பு இல்லை. இனத்துக்கு இனம் அதன் எழுத்துக்களும் மாறுகின்றன. அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய மரபியலாளர் சுசுமு ஓனோ 1972இல் பிரபலமாக்கிய 'குப்பை டி.என்.ஏ.' என்ற பட்டம் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யுகிகோ யமாஷிதாவும் மாதவ் ஜெகந்நாதனும் சக ஆய்வாளர்களுடன் நடத்திய ஆராய்ச்சி 2018இல் வெளியானபோது அந்தப் பட்டம் ஆட்டம் கண்டது. பழ ஈயின் செல்களில் டி1 என்றொரு புரதம் இருக்கிறது. ஏ-ஏ-டி-ஏ-டி என்ற ஐந்தெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் சேட்டிலைட் பகுதிகளை அது பற்றிக்கொள்கிறது. வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ள அத்தகைய பகுதிகளை இழுத்து ஒரே முடிச்சாகக் கட்டுகிறது. எலியின் செல்களில் எச்.எம்.ஜி.ஏ.1 என்ற புரதம் இதே வேலையைச் செய்கிறது. எழுத்துக்கள் வேறு, புரதம் வேறு. வேலை மட்டும் ஒன்று.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே நாருக்கு மணமே வேண்டாம். அது அறுந்தால் மாலை இல்லை என்பதுதான் விஷயம்.

அறுத்தும் பார்த்தார்கள். புரதம் இல்லாத செல்களில் முடிச்சு அவிழ்ந்தது. நியூக்ளியஸிலிருந்து சிறு மொட்டுகள் கிளம்பி, குரோமோசோம் துண்டுகளுடன் தனியே பிரிந்தன. 'மைக்ரோநியூக்ளியஸ்' எனப்படும் இந்தச் சிறு உருண்டைகள் செல் பிரிவதில் ஏற்படும் கோளாறால் உருவாவதாகவே பொதுவாகக் கருதப்பட்டுவந்தது. இங்கே அவை, செல் பிரியாமல் இருக்கும் இடைவேளையில் உருவாயின. டி.என்.ஏ. சேதமடைந்தது, செல்கள் மடிந்தன.

இது ஈயோடும் எலியோடும் நின்றுவிடும் சங்கதி அல்ல. புற்றுநோய்ச் செல்களில் மைக்ரோநியூக்ளியஸ்கள் ஏராளம். அவற்றின் உறை எளிதில் கிழியக்கூடியது. உள்ளே சிக்கிய குரோமோசோம் சுக்குநூறாகி, தாறுமாறாக ஒட்டிக்கொள்ள முடியும் என்பதை ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் பெல்மனின் குழு 2015இல் காட்டியது. அதற்காக, கட்டும் புரதத்தை அதிகமாக்கினால் நல்லது என்று முடிவுகட்டவும் முடியாது. பல வகைப் புற்றுநோய்களில் எச்.எம்.ஜி.ஏ.1 அளவுக்கு மீறியே காணப்படுகிறது. மனித செல்லில் எலியினுடையதைப் போல எடுப்பான முடிச்சுகளும் தெரிவதில்லை.

முடிச்சு அவிழ்வது இனங்களையே பிரித்துவைக்கக்கூடும். நெருங்கிய உறவுள்ள இரு பழ ஈ இனங்களைக் கலந்தபோது, கலப்பினச் செல்களில் சேட்டிலைட் பகுதிகள் சரியாக ஒன்றுசேரவில்லை; மைக்ரோநியூக்ளியஸ்கள் தோன்றின என்று 2021இல் ஜெகந்நாதனும் யமாஷிதாவும் தெரிவித்தார்கள். ஓர் இனத்தின் நார் மற்றதன் பூவைக் கட்ட மறுக்கிறது.

மனித மரபுத்தொகுதியைப் படித்து முடித்ததாக 2003இல் அறிவிக்கப்பட்டபோது சேட்டிலைட் பகுதிகளில் பெரும்பாலானவை விடுபட்டிருந்தன. ஏறத்தாழ 8 சதவீத இடைவெளி நிரம்ப 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே எழுத்துக்கள் திரும்பத் திரும்ப வந்ததால் எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று கருவிகளுக்குப் புரியாதது ஒரு காரணம். குப்பைதானே என்ற எண்ணமும் அவசரத்தைக் குறைத்திருக்கும்.