நாள் கேட்பது நன்றிகேடா?

தேயிலைக் கொழுந்து எவருக்காகவும் காத்திருப்பதில்லை. இரண்டு இலையும் ஒரு குருத்துமாய் நிற்கும் பருவத்திலேயே அதைக் கொய்தாக வேண்டும். நாள் தவறினால் இலை முற்றிவிடும். கொய்த இலையும் அன்றன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929 ஆம் ஆண்டு போ தோட்டம் தோன்றிய காலந்தொட்டு, இந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகத் தம் விரல்நுனியில் வைத்திருந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். காலத்தின் அருமையை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர்தம் பிள்ளைகள் படித்து முடித்து வேலை தேடப் புறப்படும்போது மட்டும், காலத்தைக் குறித்து வாய் திறவாதே என்னும் பாடம் வீட்டிலும் வெளியிலும் ஓதப்படுகிறது. அப்பாடம் பிழையானது, பிள்ளைகளின் வாழ்வைக் கெடுப்பது.

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வட்டாரத்தில் எந்தத் தொழிலாளர் குடும்பத்திலும் நிகழக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பட்டயப் படிப்பு முடித்த மகள் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஒன்று மலையிலேயே உள்ள அலுவலகப் பணி. ‘விரைவில் கூப்பிடுவோம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். மற்றொன்று மலைக்குக் கீழே ஓர் அரசுப் பணி. நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது. முடிவு என்று வருமென்று எவரும் சொல்லவில்லை. இரண்டும் கிட்டலாம், ஒன்றும் கிட்டாமலும் போகலாம். முதல் அழைப்பு நாளையே வந்து, இரண்டாவது அழைப்பு ஆறு மாதம் கழித்து வந்தால் அவள் செய்ய வேண்டியது யாது?

இக்கேள்விக்குத் தோட்டத்தில் இரண்டு விடைகள் உண்டு. இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகாதே. முதலில் வந்ததைப் பற்றிக்கொள், மறுபேச்சுப் பேசாதே என்பர் ஒரு சாரார். அரசாங்க வேலையே வேலை. அது வரும்வரை வேறொன்றையும் ஏறெடுத்துப் பாராதே என்பர் மற்றொரு சாரார். ஒன்றுக்கொன்று எதிரானவைபோல் தோன்றினும் இவ்விரண்டும் ஒரே மரத்தின் கிளைகள். முன்னது பணிந்து ஏற்கச் சொல்கிறது. பின்னது பணிந்து காத்திருக்கச் சொல்கிறது. ‘எந்த நாள்?’ என்று கேட்கச் சொல்வது இரண்டில் ஒன்றுமில்லை.

முதியோரின் அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910 ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி வழியாக வந்தவர்கள் ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகிச் செல்லலாம் என்று ஏட்டில் இருந்தது. வேலையும் வீடும் கடனும் கங்காணியின் சொல்லோடு பிணைந்திருக்க, விலகுவது எங்ஙனம்? இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலோ ‘துண்டு’ முறை நிலவியது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவரிடம் அவரை அனுப்பலாம் என்று எழுதிய சீட்டே துண்டு. அச்சீட்டின்றி அவர் இன்னொரு தோட்டத்தில் சேர முடியாது. 1921 ஆம் ஆண்டுச் சட்டமே அதனை ஒழித்தது. இரண்டு வேலைகளுக்கிடையே தேர்ந்தெடுப்பது என்பதே அம்மக்களுக்கு மறுக்கப்பட்ட ஒன்று.

பின்னர், 1968 ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. காகிதம் உரிய காலத்தில் கைக்கு வராத காரணத்தால் வேலையிழந்து, பிறந்து வளர்ந்த மண்ணையே விட்டுக் கப்பலேறிய குடும்பங்கள் பல. அதைக் கண்ணாற் கண்ட தலைமுறை, ‘வந்ததை விடாதே’ என்று சொல்வதில் வியப்பில்லை. ஆனால் அச்சத்தில் பிறந்த எச்சரிக்கை, அச்சத்தின் காரணம் மாறிய பின்னும் அறமாகப் போற்றப்படுவதுதான் தவறு.

இன்று நிலை என்ன? மலேசியாவின் 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டம், பணியை முடித்துக்கொள்வதற்கான முன்னறிவிப்புக் காலம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு எழுதப்படாவிடில், இரண்டாண்டுக்கு உட்பட்ட பணிக்கு நான்கு வாரம்; இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்ட பணிக்கு ஆறு வாரம்; ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் எட்டு வாரம். முதலில் வந்த வேலையை ஏற்றபின் மேலான வாய்ப்பு வருமாயின், உரிய முன்னறிவிப்புத் தந்து விலகுவது துரோகமன்று. இருவருக்கும் பொதுவான உரிமை. ஆள் வேண்டாதபோது இதே முன்னறிவிப்பைத் தந்து அனுப்பும் நிருவாகத்தை எவரும் நன்றி கெட்டது என்று சொல்வதில்லை. தொழிலாளியின் மகள் விலகும்போது மட்டும் அச்சொல் எங்கிருந்து முளைக்கிறது? 2025 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச மாதச் சம்பளமும் எவரும் இரங்கி இட்ட பிச்சையன்று. சட்டம் விதித்த கடமை.

‘அரசாங்க வேலைக்குக் காத்திரு’ என்பாரின் வாதமும் ஆராயத்தக்கதே. இவர்கள் பொறுமையைப் போற்றுவர். காலம் கனியும் என்பர். வள்ளுவர் காலமறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார் அன்றோ என்றும் வினவுவர். உண்மையே. ஆயினும் அவ்வதிகாரத்திற்கு முன் அவர் வைத்தது எதனை? வலியறிதலை. அதற்கும் முன் வைத்தது தெரிந்துசெயல்வகையை. தன் வலிமையை அளந்தறியாதவன் காலத்தை அறிய முற்படுவது வீண் என்பது அவ்வைப்புமுறையிலேயே விளங்கும். வீட்டில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் உண்டு? தந்தை ஓய்வு பெற்றால் தோட்டத்து வீடு நிலைக்குமா? தம்பியின் படிப்புச் செலவு எவர் பொறுப்பு? இவற்றைக் கணக்கிடாமல் காத்திருப்பது இலவு காத்த கிளியின் கதையாகும். நகரத்தில் சொந்த வீடுள்ளவன் மகன் ஓராண்டு காத்திருக்கலாம். வேலையோடு கூரையும் போய்விடும் வீட்டில் வளர்ந்தவளுக்கு மூன்று மாதமே நெடுங்காலம். இருவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

அப்படியாயின் வழி யாது? வேலைக்கும் வேலையைப் பற்றிய பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உணர வேண்டும். நேர்காணல் வேலையன்று. ‘கூப்பிடுவோம்’ என்னும் வாய்ச்சொல்லும் வேலையன்று. தொடங்கும் நாளும் சம்பளமும் முன்னறிவிப்புக் காலமும் எழுதிய நியமனக் கடிதமே வேலை. ஆகவே, கடிதம் வராதவரை எந்தக் கதவையும் தானாக அடைத்துவிடக் கூடாது. ஒரு கடிதம் வந்தவுடன், விடை சொல்ல இறுதி நாள் எதுவென்று அந்த நிருவாகத்தையும், முடிவு எப்போது வெளியாகும் என்று மற்ற இடத்தையும் எழுத்தில் வினவ வேண்டும். விடை வந்தால் அதைக் கொண்டு முடிவு செய்யலாம். விடை வராவிட்டால், நாள் குறித்த வேலையை ஏற்பதே அறிவுடைமை; அரசுப் பணி பின்னர் வருமாயின் முறைப்படி விலகிச் செல்லலாம். ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றொன்றுக்கும் பொய் வாக்குத் தந்து, ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்று நிற்பதே இழிவு. நாள் கேட்பது இழிவன்று.

நாள் கேட்டால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களே என்பது இறுதித் தடை. கொடுத்துவிடக் கூடும், இதை மறைப்பதில் பயனில்லை. அந்த இழப்பைத் தாங்க முடியாத வீடு உண்டு, அவ்வீட்டுப் பிள்ளை உடனே ஏற்கட்டும், அதில் குறையேதுமில்லை. அதுவும் கணக்கிட்டு எடுத்த முடிவாக இருக்கட்டும். தலைகுனிந்து எடுத்த முடிவாக வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960 ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் செலுத்தித் தோட்டங்களையே வாங்கிக் காட்டினர். தனியொருவரால் தாங்க முடியாததைக் கூடி நின்று தாங்கிய சமுதாயம், படித்த பிள்ளை மூன்று மாதம் காத்திருப்பதற்கான நிதியைத் திரட்ட முடியாதா?

தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. வகுப்பறையில் அலுவல் கடிதம் கற்பிக்கப்படுகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தை மாணவர் மனப்பாடமாகவே எழுதுவர்; பணிவான தொடக்கமும் நன்றியுடன் முடிவும் பிழையின்றி அமையும். நியமனம் பெற்றவர் விடையளிக்கக் கால நீட்டிப்புக் கேட்டு எழுதும் கடிதம் எத்தனை வகுப்புகளில் எழுதப்படுகிறது? கேட்டுப் பெறும் மொழியைக் கற்பிக்காமல் கெஞ்சிப் பெறும் மொழியை மட்டும் கற்பித்தால், கங்காணியின் முன் கைகட்டி நின்ற காலம் கரும்பலகையின் வழியே தொடரும். அடுத்த கட்டுரைப் பாடவேளையில் அந்த ஒரு கடிதம் எழுதப்படட்டும். பத்து வரி போதும்.