பிறந்ததும் அழாத பிள்ளை

எதிர் வீட்டுப் பெண் ஆறு மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். எப்போதும் சிரித்துக்கொண்டே வருகிறவள், அன்றைக்கு வந்ததும் வராததுமாகக் கண் கலங்கினாள்.

"அக்கா, இவனுக்கு இன்னும் தலை நிக்கலைக்கா. கை ரெண்டையும் இறுக்கி மூடிக்கிறான். பெரிய டாக்டர்கிட்ட காட்டினோம். பிரசவ நேரத்திலே மூளைக்குப் பிராணவாயு சரியாப் போகாம இருந்திருக்கலாம்கிறார். அத்தை என்னடான்னா, கிரகணத்தன்னிக்கு நான் வாசலுக்குப் போனதுதான் காரணம்கிறாங்க. எல்லாம் என்னாலதானாக்கா?"

எனக்குப் பகீரென்றது. வலியெல்லாம் பட்டுப் பெற்றவள் தலையிலேயே பழியையும் ஏற்றிவிடுவது நம் வீடுகளில் எத்தனை சுலபமாக நடந்துவிடுகிறது!

சகோதரிகளே, கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வயிற்றிலிருக்கும் சிசுவுக்குப் பிராணவாயு தொப்புள்கொடி வழியாகத்தான் போகிறது. கொடி அழுந்தினாலோ, நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிட்டாலோ, பிரசவம் அளவு மீறி நீண்டுபோனாலோ அது குறைந்துவிடும். சிசுவின் இதயம் சாதாரணமாக நிமிஷத்துக்கு 110 முதல் 160 தடவை துடிக்கும். பிரசவ அறையில் நர்ஸ் அடிக்கடி வந்து வயிற்றில் வைத்துக் கேட்பது இதற்காகத்தான். துடிப்பு தாறுமாறானால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். பிறந்த பிள்ளை மூச்சு விடாவிட்டால், முதல் நிமிஷத்திலேயே துடைத்து, தூண்டி, தேவையானால் முகமூடி வைத்துக் காற்றுக் கொடுக்க வேண்டும்.

1952-ல் வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க டாக்டரம்மா ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார். நிறம், நாடி, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டினால் காட்டும் அசைவு இந்த ஐந்தையும் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று பிறந்த முதல் நிமிஷத்திலும் ஐந்தாவது நிமிஷத்திலும் போடுவார்கள். உங்கள் குழந்தைக்கு எத்தனை போட்டார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூளை முடக்குவாதம் வந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பிரசவ நேரக் கோளாறு காரணமில்லை. குறைமாதம், கர்ப்பத்தில் வந்த நோய்த்தொற்று, பிறவிக் காரணம், கவனிக்காமல் விட்ட கடுமையான மஞ்சள் காமாலை என்று எத்தனையோ உண்டு. ஆகவே டாக்டர் மேல் பழி போடவும் அவசரப்படக் கூடாது. என்ன நடந்தது என்று காகிதம்தான் சொல்ல வேண்டும்.

"டிஸ்சார்ஜ் சீட்டு எங்கேம்மா?" என்றேன்.

"அரைப் பக்கம்தான்க்கா இருந்தது. எங்கே வெச்சோம்னே தெரியலை."

சாயங்காலம் அவள் புருஷன் வந்தார். "அந்த ஆஸ்பத்திரியை இழுத்து மூடறேனா இல்லையா பாருங்கக்கா!" என்று குதித்தார்.

"தம்பி, மூடறது அப்புறம் இருக்கட்டும். முதல்லே ஒரு வெள்ளைத் தாள் எடுங்க" என்றேன்.

பிரசவக் கேஸ் ஷீட், குழந்தையின் குறிப்பு எல்லாவற்றின் நகலும் வேண்டும் என்று எழுதினோம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2002-ம் வருஷத்து மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. மூன்று வருஷம் பத்திரப்படுத்தவும் வேண்டும். கடிதத்தின் பிரதியில் "பெற்றுக்கொண்டோம்" என்று கையெழுத்து வாங்கச் சொன்னேன். மூன்றாம் நாள் நகல் வந்துவிட்டது. ராத்திரி ஒரு மணியிலிருந்து நாலரை வரை இதயத்துடிப்பு எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது!

வேறு ஊர் மகப்பேறு டாக்டரம்மா ஒருவரிடம் காட்டினோம். "இதை வைத்து மட்டும் தவறு என்று தீர்த்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்" என்றார்.

பணம் வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லிவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2019-ம் வருஷத்துச் சட்டம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாமே மனுக் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. கட்டிய பில் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்தில் வராது. அதற்குச் சிவில் கோர்ட் இருக்கிறது.

தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு 1998-ல் சுப்ரீம் கோர்ட் பன்னிரண்டரை லட்சமும், பெற்றோரின் மனவேதனைக்காகத் தனியாக ஐந்து லட்சமும் நிலைநிறுத்தியது. தாயின் வேதனையும் கணக்கில் வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் தீர்ப்பு வரட்டும் என்று பிள்ளையின் வைத்தியத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கிறான் இல்லையா? மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே ஆரம்பகாலச் சிகிச்சை மையம் வைத்திருக்கிறார்கள். உடற்பயிற்சி, பேச்சு, பார்வை, காது எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டாலோ, ஐந்து மாதத்தில் தலை நிற்காவிட்டாலோ, பால் குடிக்கவே சிரமப்பட்டாலோ, "போகப் போகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

எதிர் வீட்டுப் பிள்ளை இப்போது வாரத்துக்கு மூன்று நாள் போகிறான். மனு ஆணையத்தில் இருக்கிறது. போன வியாழக்கிழமை அவள் ஓடி வந்தாள். "அக்கா, குப்புறப் போட்டேன், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்க்கா!" பின்னாலேயே மாமியாரும் வந்தார். கையில் ஒரு கிண்ணம் பாயசம். கிரகணப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிரசவக் காகிதங்கள் எங்கே இருக்கின்றன? இன்றைக்கே தேடி, ஒரு பையில் போட்டுப் பீரோவில் வையுங்கள். மற்றவை அடுத்த இதழில்.