தம்பிக்கு வந்தது அக்கா பிள்ளைக்கும் வருமா?

பத்துக்கு ஒன்பது பொருத்தம். பூ வைக்க நாளும் குறித்தாயிற்று. அதற்குள் யாரோ மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள்: "பொண்ணோட தம்பி மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுறானாம்." மறுநாளே ஜாதகம் தரகர் கையில் திரும்பி வந்தது. என் பெரியப்பா வீட்டில் நடந்தது இது. அன்றிலிருந்து தம்பியின் மாத்திரை அட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் போயிற்று. யாராவது பெண் பார்க்க வந்தால் அவன் மாடி அறைக்குப் போயாக வேண்டும். அதுவரை தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, காலை ஆறு மணிக்கெல்லாம் கடை திறந்துகொண்டிருந்தவன் அவன்.

"ரத்தத்துல ஓடுதுங்க. பொறக்கப்போற குழந்தைக்கு வராதுன்னு என்ன நிச்சயம்?" படித்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். 'ரத்தம்' என்ற இடத்தில் 'ஜீன்' என்று சொல்லிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

மரபணுவுக்குப் பங்கு உண்டு, பெரிய பங்கே உண்டு. அதை மறுத்து, வளர்ப்பு சரியில்லை என்று பெற்ற தாய்மேல் பழி போடுவதும் அநியாயம்தான். ஆனால் கணக்கைச் சரியாகப் பாருங்கள். தம்பிக்கு வந்த மனச்சிதைவு நோய் பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரக்கூடியது. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றில் ஏறக்குறைய 9 பேருக்கு வரலாம். 91 பேருக்கு வராது. தாய்மாமனுக்கு இருந்தால், அவருடைய அக்கா தங்கை பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் அளவில்தான். ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையருக்கு மரபணு அச்சு அசலாக ஒன்று. அவர்களில் ஒருவருக்கு வந்தாலும், மற்றவருக்கும் வருவது பாதிக்கு மேல் போவதில்லை.

ஏனென்றால் இது ஒற்றை மரபணுவின் வேலை அல்ல. 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இந்நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபணுத் தொகுதியில் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. கருவில் இருக்கும்போது தாய் பட்டினி கிடந்தாளா, இளவயதில் கஞ்சா புகைத்தாரா என்பதெல்லாம் அதோடு சேர்கிறது. 1944–45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் கருவான குழந்தைகளிடம் பின்னாளில் இந்நோய் இரு மடங்காகத் தெரிந்தது.

'ரத்தத்தில் ஓடுகிறது' என்ற நம்பிக்கையை ஒரு நாடு கடைசிவரை செயல்படுத்தியே பார்த்துவிட்டது. ஹிட்லரின் ஜெர்மனி 1933இல் சட்டம் போட்டு மனநோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது, பிறகு கொன்றது. மனச்சிதைவு நோயாளிகள் மட்டுமே இரண்டு லட்சத்துக்கும் மேல் இதில் சிக்கினார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். போர் முடிந்தபின் ஜெர்மனியில் புதிதாக நோய் கண்டவர்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. குறையாது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரின் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நோய் இருந்ததில்லை.

"என்னாலதான் அக்கா கல்யாணம் நின்னுச்சு" என்று சொல்லி, தம்பி ஒருநாள் மாத்திரையை நிறுத்தினான். யாருக்கும் தெரியவில்லை, அட்டைதான் கண்மறைவாக இருந்ததே! இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்தது. மீண்டு வந்து கடையைத் திறக்க ஒரு வருஷம் ஆயிற்று.

பெண்ணோ மாப்பிள்ளையோ தேடுகிறவர்களே, பயமாக இருந்தால் மனநல மருத்துவரிடம் போய்க் கேளுங்கள், தரகரிடம் விசாரிக்காதீர்கள். நோயாளி இருக்கும் வீட்டாரே, அந்த மாத்திரை அட்டையை இன்றைக்கே எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வையுங்கள்.