ஓட்டலோடு வரும் கடன்

ஜீவனஹள்ளியில், காக்ஸ் டவுனை ஒட்டி, ஓட்டல் நடக்கும் கட்டடம் விலைக்கு வந்தால் ஓய்வூதியப் பணம் கையில் உள்ளவருக்குச் சபலம் தட்டும். வாங்கிய மாதமே வாடகை! ஒரு கோடி விலை, மாத வாடகை 50,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6 சதவீதம். தரகர் கணக்கு இத்துடன் முடியும்.

அவர் விட்டுவிடுவது அட்வான்ஸ். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது பெங்களூரில் நெடுநாள் வழக்கம். இங்கே அது 5 லட்சம். பணம் இருப்பது பழைய உரிமையாளரிடம். காலி செய்யும் நாளில் ஓட்டல்காரர் கை நீட்டப்போவதோ புதியவரிடம். விலையில் அதைக் கழித்து, கிரயப் பத்திரத்திலும் எழுதிக்கொள்வதே பிழைக்கும் வழி.

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவு இன்னொரு கண்ணி. விற்பனை தெரியாமல் ஓட்டல்காரர் பழையவரிடமே வாடகை கட்டிவிட்டால், அதை மறுபடி கேட்க முடியாது. பத்திரம் பதிவான அன்றே எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

2001 டிசம்பர் 31இல் அமலுக்கு வந்த கர்நாடக வாடகைச் சட்டம், 14 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளைத் தொடுவதில்லை. அதனால் நினைத்தபோது காலி செய்யச் சொல்லலாம் என்பதில்லை. பதிவான குத்தகையின் காலக்கெடு புதியவரையும் கட்டும். ஓட்டல்காரரே கிளம்பிவிட்டாலோ, எண்ணெய்ப் பிசுக்கேறிய சமையலறைக்கு அடுத்த ஆள் வரும்வரை வட்டி பூஜ்யம். ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் 6 சதவீதம் அந்த ஆண்டு 3தான்.