முதல் சீட்டுக்கு முன்னால்

சென்ற வாரம் பிரிட்ஜ் ஆட்டத்தில் ஏலம் கேட்கும் முறையைப் பற்றிச் சிறிது கூறினோம். ஏலத்தில் ஜயித்தாயிற்று, இனி என்ன? "ஆட வேண்டியதுதானே!" என்பார்கள் நேயர்கள். தவறு அங்கேதான் ஆரம்பமாகிறது. இனிச் செய்ய வேண்டியது, ஆடாமல் ஒரு நிமிஷம் சும்மா இருப்பதுதான்.

இடப் பக்கத்து எதிரி முதல் சீட்டை இறக்கியதும், நம் கூட்டாளி தம்முடைய 13 சீட்டுக்களையும் மேஜைமீது விரித்துவிட்டு 'டம்மி' ஆகிவிடுகிறார். பிறகு, இன்ன சீட்டைப் போடு என்று அவர் வாய் திறக்கலாகாது. கூட்டாளி மனைவியாகவும் ஆடுகிறவர் கணவராகவும் அமைந்துவிட்டால் இவ்விதியின் கடுமை நன்கு விளங்கும்.

1925-ஆம் வருஷத்தில் ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வர் வகுத்த கணக்கு முறையே இன்றைய காண்டிராக்ட் பிரிட்ஜுக்கு அடிப்படை. ஏலத்தில் சொன்ன பிடிகள் மட்டுமே அதில் 'கேம்' கணக்கில் சேரும். ஆகவே ஏலம் என்பது ஒரு வாக்குறுதி. அதை நிறைவேற்றும் பொறுப்பு ஆடுகிறவர் ஒருவருடையதே.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒப்பந்தம் மூன்று நோ டிரம்ப். அதாவது துருப்பு இல்லாமல் 9 பிடிகள் எடுக்க வேண்டும்.

டம்மியின் சீட்டுக்கள்:
ஸ்பேட் 6, 4, 2
ஆர்ட்டின் ஆஸ், 4
டயமண்ட் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 9
கிளாவர் 7, 5, 3

நம் கையில் உள்ளவை:
ஸ்பேட் ஆஸ், ராஜா, 5, 3
ஆர்ட்டின் ராஜா, ராணி, 6
டயமண்ட் 7, 3
கிளாவர் ஆஸ், 8, 6, 2

எதிரி ஆர்ட்டின் ஜாக்கியை இறக்குகிறார். அவசரக்காரர் என்ன செய்வார்? "டம்மியிலிருந்தே டயமண்டை ஆரம்பித்துவிடலாம்" என்று ஆர்ட்டின் ஆஸைப் போட்டு வெட்டிவிடுவார். பிடி கிடைத்தது, ஆட்டம் போயிற்று!

முதலில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஸ்பேடில் இரண்டு, ஆர்ட்டினில் மூன்று, கிளாவரில் ஒன்று. ஆக 6 பிடிகள் நிச்சயம். குறைவது மூன்று. அவற்றை டயமண்டில்தான் தேட வேண்டும். ஆனால் டயமண்ட் ஆஸ் எதிரியிடம் இருக்கிறது. கெட்டிக்கார எதிரி முதல் சுற்றில் அதைப் போடமாட்டார். இரண்டாவது சுற்றில்தான் போடுவார். அதற்குள் நம் கையிலிருந்த இரண்டு டயமண்டும் தீர்ந்துவிடும். டம்மியில் எஞ்சிய மூன்று டயமண்டும் வெற்றிச் சீட்டுக்களே. எனினும் அங்கே போய்ச் சேர வழி ஏது? ஒரே வழி ஆர்ட்டின் ஆஸ். அதை முதலிலேயே செலவழித்தவர், பூட்டிய பெட்டிக்குள் பணத்தை வைத்துச் சாவியைக் கிணற்றில் எறிந்தவர் ஆகிறார்.

நிதானஸ்தர் டம்மியிலிருந்து ஆர்ட்டின் 4-ஐப் போட்டு, தம் கை ராஜாவால் பிடியை எடுப்பார். பிறகு டயமண்டை இருமுறை ஆடுவார். எதிரி இரண்டாவது சுற்றில் ஆஸைப் போட்டு மீண்டும் ஆர்ட்டினை இறக்கினால், டம்மியின் ஆஸ் அதை வெட்டும். டயமண்ட் மூன்றும் வரிசையாக ஓடும். எதிரி வேறு இனத்தை இறக்கினாலும், அதைக் கையில் பிடித்து ஆர்ட்டின் 6-ஐ ஆஸுக்குக் கொண்டுபோகலாம். முடிவில் சொன்னது 9, எடுத்தது 10.

இரண்டு பேரும் ஆடியது அதே சீட்டுக்கள்தாம். வித்தியாசம், முதல் பிடியில் ஒரு சிறு சீட்டு. கேள்வித்தாளை முழுதும் படிக்குமுன் விடை எழுதத் தொடங்கும் பிள்ளைகளை வருஷந்தோறும் பார்த்து வரும் நமக்கு, இந்த அவசரம் புதிதன்று.

எனவே நேயர்கள் முதல் சீட்டைத் தொடுமுன் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வார்களாக: நிச்சயமான பிடிகள் எத்தனை? குறைவது எங்கிருந்து வரும்? அங்கே போய்ச் சேர வழி பத்திரமாக இருக்கிறதா?

எதிரே அமர்ந்திருப்பவர் தம்மிடமிருந்த அனைத்தையும் நம்மிடம் ஒப்படைத்துவிட்டு மௌனமாயிருக்கிறார். அந்த மௌனத்துக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை, அந்த ஒரு நிமிஷ யோசனைதான்.