ஒன்பது தலை அழகிக்கு யார் துணி தைக்கிறது?

முதல் செமஸ்டர், முதல் ஸ்கெட்ச்சிங் லேப். ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதை ஒன்பது சம பாகமா பிரிக்கச் சொன்னாங்க. முதல் பாகம் தலை. இரண்டாவது கோட்டில் மார்பு, மூன்றில் இடுப்பு, நான்கில் தொடை பிரியும் இடம், ஆறில் முட்டி, ஒன்பதில் பாதம். கழுத்துக்குழியில் இருந்து எடையைத் தாங்கும் பாதத்துக்கு நேராக இறங்குவது பேலன்ஸ் லைன். அது தப்பினால் உருவம் சாய்ந்து விழுவது போலத் தெரியும். இந்த உருவத்துக்குப் பேர் க்ரோக்கி. பிரெஞ்சு வார்த்தை, சட்டுனு போடுற படம்னு அர்த்தம். மெக்கானிக்கல் பசங்க டிராஃப்டரோட அலையுற மாதிரி ஃபேஷன் டெக்னாலஜிக்காரங்க நாங்க இதோட அலைவோம்.

அந்த வாரம் வீட்டுக்குப் போனப்ப அம்மா நோட்டைப் புரட்டிட்டு, "யாருடி இவ, கொக்கு மாதிரி காலு?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

இரண்டாம் வருஷம்தான் அந்தக் கேள்வி உறைச்சது. முட்டி வரைக்கும் வர்ற ஒரு குர்தி டிசைன் பண்ணேன். கீழே அகலமான பார்டர். ஸ்கெட்ச்சில் பிரமாதமா இருந்தது. தைச்சு என் கிளாஸ்மேட்டுக்குப் போட்டுப் பார்த்தா, பாவம், அவளோட பாதி உயரத்தை பார்டரே முழுங்கிடுச்சு. அளவு சரி, தையல் சரி. அப்போ தப்பு எங்கே?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரணமா மனுஷங்க ஏழு, ஏழரைத் தலை உயரம்தான். என் தோழி 158 செ.மீ. ஏழரையால் வகுத்தால் ஒரு தலை சுமார் 21 செ.மீ. அதே தலையோட க்ரோக்கி எழுந்து நின்னா கிட்டத்தட்ட 190 செ.மீ! தலையில் இருந்து தொடை வரை இரண்டு பேருக்கும் ஏறக்குறைய நாலு தலைதான். கூடுதலான ஒன்றரைத் தலையும் காலில்தான் போய்ச் சேருது. முட்டிக்குக் கீழே க்ரோக்கிக்கு மூணு தலை, என் தோழிக்கு ரெண்டு. அந்த 21 செ.மீ. காலை நம்பித்தான் நான் பார்டர் வச்சிருந்தேன்.

ஒன்பது தலையே வேண்டாம்னு சொல்லலை. நீளமான உருவத்தில் துணி விழுற விதம், மடிப்பு, வெட்டு எல்லாம் தெளிவாத் தெரியும். அது ஐடியாவைச் சொல்ற படம். அளவு சொல்ல டெக்னிக்கல் டிராயிங் தனியா இருக்கு. இதெல்லாம் நியாயம்தான். ஆனா நாலு வருஷமும் ஒரே உருவத்தை வரைஞ்சு பழகின கை, டிசைனையும் அந்த உருவத்துக்கேத்த மாதிரிதான் யோசிக்கும். குட்டையானவங்க, பருமனானவங்க, வயசானவங்க நம்ம ஸ்கெட்ச் புக்கில் இல்லைன்னா, நம்ம துணியிலும் இருக்க மாட்டாங்க.

நம்ம ஊர் சிற்பிகள்கூட அளவை நீட்டினவங்கதான். முக நீளத்தை வச்சுப் போடுற தாளக் கணக்கில் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உத்தம தச தாளம், தேவியருக்கு மத்திம தச தாளம், பிள்ளையாருக்குப் பஞ்ச தாளம். ஆளுக்கு ஏத்த அளவு. எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கலை. இந்தியர்களுக்கான சைஸ் சார்ட் வேணும்னு நிஃப்ட் நிறுவனம் 6 நகரங்களில் 25,000 பேரை அளக்கத் திட்டம் போட்டதும், கடன் வாங்கின அளவு நமக்குப் பொருந்தலைங்கிறதால்தான்.

என் யோசனை சிம்பிள். ரெக்கார்டில் ஒவ்வொரு ஒன்பது தலை ஸ்கெட்ச்சுக்கும் எதிர்ப் பக்கத்தில், அதே உடையை ஏழரைத் தலையில் ஒரு நிஜ ஆளுக்குப் போட்டு வரையணும். ஹாஸ்டல் தோழி, அத்தை, மெஸ் அக்கா, யாரா இருந்தாலும் சரி. கூடுதலா அரை மணி நேரம் ஆகும். வீணாப்போற மூணு மீட்டர் துணியைவிட அது மலிவு.

நான் அம்மாவில் இருந்து ஆரம்பிச்சுட்டேன். போன வாரம் நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இடுப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கலாம்ல"ன்னாங்க. முடியாதுன்னுட்டேன். பிளவுஸ் பத்தாமப் போயிடும்.